நீள ஹாலுக்கு விழுந்த சீட்டு

அன்புள்ள நைனாவுக்கு,

ஊருக்கெல்லாம் 'தாங்கள்' என்றும் 'மேற்படி' என்றும் எழுதிப் பழகிய கை இது. உன்னிடம் மட்டும் அது ஒருமையில்தான் எழுதும். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் என்றைக்குமே அப்படித்தானே?

நீ கண்ணை மூடி மூன்று மாசி கடந்துவிட்டது. நம் ஏரியின் முகத்துவாரத்தில் இந்த ஆண்டும் மணல் அடைத்தது. மழைக்குப் பிறகு திறந்தது. தம்பி செல்வம் உன் வலையைத்தான் இன்னும் போடுகிறான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கல்லூரி விஷயம். நீ கல்லூரிப் பக்கமே வந்ததில்லை. இருந்தாலும் இது உனக்குத்தான் சட்டென்று புரியும்.

புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்த உதவும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எதையும் விதிப்படி செய்பவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அது உன்னிடமிருந்து வந்ததுதான். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதற்கு ஒரு படிவம் தயாரித்தேன். குரல், கரும்பலகைப் பயன்பாடு, மாணவர் பங்கேற்பு என்று வரிசையாகக் கட்டங்கள். ஆண்டு முடிவில் ஒருவரின் வேலை நிரந்தரமாவது அந்தப் படிவத்தைப் பொறுத்தது.

சென்ற ஆண்டு எங்கள் கணிதத் துறையில் பர்வீன் என்ற பெண் சேர்ந்தார். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். அவருக்கு நீள ஹாலில், மதியம் இரண்டு மணிக்கு, முதலாண்டு வகுப்பு. நான் போய் உட்கார்ந்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள். அவர் குரல் நடு பெஞ்சைத் தாண்டவில்லை. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்டதைக் கண்டபடி படிவத்தில் நிரப்பினேன். கூட்டிப் பார்த்தால் முடிவுக்கு 'திருப்தியில்லை' என்ற கட்டம்தான் மிஞ்சியது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுவது விதி. காட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். இந்தச் சம்பளத்தில்தான் அவர் வீடு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையே. அவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

"சார், ஒரு நாள் இந்த கிளாஸ நீங்க எடுங்களேன். கோவத்துல சொல்லல. எப்படி எடுக்கிறதுன்னு நான் பாக்கணும்."

நியாயமான கோரிக்கை. மறுநாள் நான் எடுத்தேன். அவர் கடைசி பெஞ்சில் அதே படிவத்தோடு உட்கார்ந்தார்.

நைனா, கால் நூற்றாண்டாகப் பாடம் நடத்துகிறேன். அந்த ஹால் பத்து நிமிடத்தில் என் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு பக்கம் கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம், தலைக்கு மேலே மின்விசிறிகளின் கடகடப்பு. கேட்கிறதா என்று கேட்டதற்கு முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "ஃபேன நிறுத்துனா கேக்கும் சார். ஆனா வேர்த்து ஊத்தும், அப்பால நாங்க கேக்க மாட்டோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் விழித்திருந்தது அப்போதுதான். விடியுமுன் எழுந்து, மீன் ஏலக்கூடத்தில் அம்மாவோடு நின்றுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருகிற பிள்ளைகள் அவர்களில் பலர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பர்வீன் படிவத்தை நிரப்பி என்னிடம் கொடுத்தார். குரலுக்கு, நான் அவருக்குக் கொடுத்ததைவிட ஒரு மதிப்பெண் குறைவு. சரியான மதிப்பெண்தான்.

வீடு திரும்பும் வழியில் உன் ஞாபகம் வந்தது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தருகே உள்ள பாடு கிடைத்தால் இறாலை அள்ளலாம். தெற்கே சேற்றுப் பாட்டில் நாள் முழுக்க நின்றாலும் கூடை நிறையாது. அதனால் யாருக்கு எந்தப் பாடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். முறை வைத்து மாறிக்கொண்டே வரும்.

கல்லூரியில் படிக்கச் சேர்ந்த புதிதில் நான் ஒரு நோட்டுப் போட்டு, கரையில் யார் எத்தனை கூடை இறக்குகிறார்கள் என்று குறித்து, எதிர்வீட்டுச் சின்னப்பன் மாமாதான் ஊரிலேயே மட்டம் என்று உன்னிடம் வந்து அறிவித்தேன். நீ வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பாட்டுல போட்டான்னு கேட்டியாடா?"

அன்று நான் கேட்கவில்லை. பர்வீன் விஷயத்திலும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் எத்தனை புத்தகம் படித்திருப்பேன் நைனா?

படிவத்தை நான் கிழிக்கவில்லை, கிழிக்க விதியில்லை. கையெழுத்தை நிறுத்திவைத்து, மறுபார்வை தேவை என்று எழுதினேன். பிறகு ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். நீள ஹாலும் இரண்டு மணியும் எப்போதும் புதிதாக வருகிறவர் தலையில்தான் விழுகின்றன. இனி துறைத்தலைவர் உட்பட எல்லாரும் சீட்டுக் குலுக்கி, மாதத்துக்கு ஒருவராக எடுப்போம் என்றேன். மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார்.

"இன்னா சார் இது, நாம இன்னா மீன் புடிக்கிறவங்களா?"

"எங்க நைனா புடிச்சாரு சார்" என்றேன். டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுகளை எழுதிப் போட்டு நடுவில் வைத்தேன்.

முதல் மூன்று மாதம் மற்றவர்கள் எடுத்தார்கள். முகம் சுளித்தவர்தான் முதலில் பர்வீனிடம் போய், எப்படியம்மா சமாளித்தாய் என்று கேட்டவர். பர்வீனும் அந்த ஹாலில் சும்மா இருந்திருக்கவில்லை. கரும்பலகையை விட்டு நடுவில் வந்து நின்றால் பாதிச் சிக்கல் தீரும், நான்கு நான்கு பேராக உட்கார வைத்துக் கணக்கைக் கையில் கொடுத்தால் தூக்கம் வராது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஆசிரியர் அறையில் அவரைச் சுற்றி நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள்.

என் படிவமும் மாறிவிட்டது. எந்த அறை, எந்த நேரம், பிள்ளைகள் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள்: இந்த மூன்றையும் நிரப்பாமல் மதிப்பெண் போடக் கூடாது. மறுபார்வைக்காக பர்வீனின் வேறொரு வகுப்பிலும், அவர் முறை வந்தபோது மறுபடி நீள ஹாலிலும் உட்கார்ந்தேன். போன வாரம் அவர் வேலை நிரந்தரமானது. கையெழுத்து என்னுடையது.

இன்னொன்று. சீட்டு எழுதுகிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது உன் சட்டம். அதன்படி அன்று டிபன் பாக்ஸ் மூடியில் மிஞ்சிய நான்காம் மாதச் சீட்டை எடுத்தேன். நாளை தொடங்கும் மாதம் எனக்கு நீள ஹால். செல்வத்திடம் போனில் சொன்னேன், விடாமல் சிரித்தான்.

"ஏண்ணா, உனக்கே சேத்துப் பாடா? நைனா இருந்திச்சின்னா ஊர் பூரா சொல்லி சிரிச்சிருக்கும்."

சிரித்துக்கொள் நைனா. நாளை மதியம் கடைசி பெஞ்சில் பர்வீன் உட்காருவார், நானே அழைத்திருக்கிறேன். குரலுக்கு இந்த முறை ஒரு மதிப்பெண்ணாவது கூட வாங்கப் பார்க்கிறேன். சீட்டை யாரிடமும் மாற்றிக்கொள்ள மாட்டேன். யாருடைய கூடையைப் பார்த்தாலும், எந்தப் பாடு என்று முதலில் கேட்பேன்.

சேற்றுப் பாட்டுக்குக் கிளம்பும்
உன் மூத்த மகன்