தரையில் விரித்த ஆட்டுத்தோல்

எல் சௌஸ், நியூ மெக்ஸிகோ
1971 பிப்ரவரி 14

அன்புள்ள மகன் அமதேயோவுக்கு,

தேர்வு நேரத்தில் கடிதம் போட்டுத் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துவிடு. பள்ளிக்கூடத்துத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அதைக் கையில் எடுத்தால் எனக்கு வாய் அடைத்துவிடும் என்று உனக்குத் தெரியும். நீ அங்கே சிகாகோவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பாதிதான் உண்மை. பனி இன்னும் விடவில்லை, வாய்க்கால் உறைந்து கிடக்கிறது, பழுப்புப் பசு கன்று போட்டது, கன்று தங்கவில்லை. உன் ஞானத்தாய் கிளியோபாஸ் தினமும் சோளமும் கறியும் போட்ட பொசோலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீ இளைத்துப் போயிருப்பாய் என்று பார்க்காமலே சொல்லிவிட்டுப் போகிறாள்.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுரங்கத் தூசி நுரையீரலில் கல்லாக இறுகிவிட்டது, ஈஸ்டரைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவர் அடுப்புப் பக்கம் தரையில் ஆட்டுத்தோலை விரித்துப் படுத்ததைப் பார்த்துக் கேட்டாய், முதுகு வலிக்குத் தரைதான் நல்லது என்றோம். அது பொய். அவர் முதுகில் ஒரு வலியும் கிடையாது. உனக்குப் பதினேழு வயதில், ஏர் பிடித்த புனிதர் இசிதோர் திருநாளன்று, பாஸ்டனிலிருந்து வந்த பங்குச்சாமி நம் இசிதோரின் மரச் சுரூபத்தை விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய சுரூபத்தைப் பீடத்தில் வைத்தாரே, அன்றைக்கு நற்கருணை அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதியில் மூன்று பேரும் மண்டியிட்டிருந்தோம். பங்குச்சாமி உன் முன்னால் வந்ததும் நீ வாயை இறுக மூடிக்கொண்டாய், பிறகு ஊரே கேட்க, "எங்க சாமிய விறகோட போட்டுட்டு எனக்கு என்னத்தக் குடுக்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். அப்பா தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான், ஆனால் அந்தப் படிப்பு அன்றைக்கு என்னை எழுந்து நிற்க வைக்கவில்லை. இன்றும் வகுப்பில் பிள்ளைகள் வீட்டு மொழியில் பேசினால் உதட்டில் விரல் வைத்து அடக்குகிறேன், பள்ளிக்கூடத்துச் சட்டம் அப்படி. வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் கம்பளியைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுருட்டினார். "என் மகன் வாயத் தொறந்து நற்கருணை வாங்குற வரைக்கும் இந்தக் கட்டில்ல ஏற மாட்டேன்" என்று சிலுவை முன்னால் நேர்ச்சை செய்தார். உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். தெரிந்தால் நீ பயந்து வாங்குவாயாம், பயந்து வாங்கினால் கணக்கில் சேராதாம். நாலு குளிர்காலம் போய்விட்டது.

கட்டிலில் படுத்தால் மட்டும் பிழைத்துவிடுவாரா என்று டாக்டரைக் கேட்டேன், பிழைக்க மாட்டார், மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். இப்போதிருக்கும் சாமியார் நல்லவர், வீட்டுக்கே வந்து, இந்த நேர்ச்சையை ஐம்பது ஜெபமாலையாக மாற்றித் தருகிறேன் என்றார். அப்பா, "நான் வாக்குக் குடுத்தது உங்களுக்கு இல்லியே சாமி" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கச் சொன்னார். கிளியோபாஸ் வாய் சும்மா இருக்குமா, "ஏன் சில்வேரியோ அண்ணே, தரையோட தரையா கெடந்தா சொர்க்கம் கிட்டவா வந்துரும்? கீழ இருக்குறது வேற எடமாச்சே!" என்றாள். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஒரு நாழிகை ஆயிற்று. அவள் அழுதுகொண்டே போனாள்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன், உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நீ தொலைபேசியில் பேசினாய், ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கினாயாம் என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையை ஊன்றி எழப் பார்த்தார், நான் கட்டிலை உதறிப் போட்டேன். உன் பேச்சு வந்தாலே அவர் கேட்பதைத்தான் அப்போதும் கேட்டார், என்ன சாப்பிட்டானாம் என்று. நானும் சந்தோஷத்தில், "ரெண்டு முட்டை, ரொட்டி, காபி, நல்லா சாப்பிட்டுட்டுத்தான் பூசைக்குக் கெளம்பினானாம்" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வாங்க வேண்டும் என்பதை ரோமாபுரி எப்போதோ தளர்த்திவிட்டது, அவர் தளர்த்தவில்லை. "எம் பிள்ள வாங்காம இருப்பான், முட்டையத் தின்னுட்டு வாங்க மாட்டான். ஒனக்குப் பொய் சொல்ல வராது ஒராலியா, விடு" என்றார். கோபமே இல்லை. மறுபடி ஆட்டுத்தோலில் மெல்லச் சாய்ந்தார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டகையிலிருந்த இசிதோர் நீ ஊரைவிட்டுப் போன வாரத்தில் காணாமல் போனார் என்று ஊர் இன்னும் பேசுகிறது. நீ அவரைச் சுற்றி எடுத்துப்போக மாவுப் பை கொடுத்தவள் நான், வாயைத் திறக்கவில்லை. நீயோ, அவரை ஜன்னலில் வைத்திருக்கிறேன், காலையில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வகுப்புக்குப் போவதில்லை என்று ஜனவரிக் கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் பல தடவை படித்தேன். அப்பாவும் காலையில் முதலில் கூப்பிடுவது இசிதோரைத்தான். இரண்டு பேரும் ஒருவரிடமே பேசுகிறீர்கள், அதனால் இங்கே ஒன்றும் மாறப் போவதில்லை. அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட நினைத்தேன், விட்டுவிட்டேன். அவர் கேட்டது அதை அல்ல, நீ அப்பம் வாங்குவதைத்தான்.

நீ பொய்யாக வாய் திறக்க வேண்டாம் மகனே, அதை நான் கேட்க மாட்டேன். அன்றைக்கு அங்கே நிமிர்ந்து நின்றவன் நீ ஒருவன்தான். ஏர் பிடித்தவர் உன்னை எப்போதும் காக்கட்டும். கிளியோபாஸ் பின்னிய கழுத்துத் துணியைப் பெட்டியில் வைத்திருக்காதே, கட்டிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இன்னொன்று. முந்தாநாள் காலை, மருந்து மயக்கத்தில் இருக்கிறார் என்று அக்குளில் கை கொடுத்துக் கட்டிலுக்குத் தூக்கப் பார்த்தேன். மனிதர் அவ்வளவு இளைத்தும் என்னால் முடியவில்லை. கண்ணைத் திறந்து, "வெச்சிரு ஒராலியா. நானா ஏற மாட்டேன், ஒன்னாலயும் ஆவாது. அந்தப் பய வந்து தூக்கிப் போட்டா மட்டும் தடுக்க எனக்கு ஏது பலம்" என்றார். கோயிலுக்கு வர வேண்டாம், அவரிடம் ஒன்றும் பேசக்கூட வேண்டாம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. தோள் பக்கம் நீ பிடி, கால் பக்கம் நான் பிடிக்கிறேன்.

உன் அம்மா,
ஒராலியா