கூடுதலாக ஒரு ‘ஸ்’

செவ்வாய், காலை எட்டரை

அன்புள்ள சின்னவள் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று நாளாக நீங்கள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபமாக இருப்பீர்கள். எடுத்திருந்தால் குரலிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இப்போது குடியேற்ற அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். பதறாதீர்கள், விசாரணை எனக்கில்லை.

அடைக்கலம் கேட்டு வந்த ஒரு தையல்காரம்மாவின் ஒலிப்பதிவை என் பேராசிரியர் கொடுத்தார் என்று முன்பு சொன்னேனே, நினைவிருக்கிறதா? தான் ஒரு கடற்கரை ஊர்க்காரி, அங்கே திரும்பிப் போனால் உயிர் தங்காது என்கிறாள். அலுவலகத்துக்கு அதில் சந்தேகம். அவள் பேசும் ஸ்பானிய மொழி எந்தப் பக்கத்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். மூன்று வருடமாக நான் படிப்பதே அதைத்தானே. அந்தக் கடற்கரைக்காரர்கள் சொல்லின் நடுவிலும் முடிவிலும் வரும் ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். மலைப்பக்கத்தார் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். இவளும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். ‘கடற்கரைக்காரி அல்ல’ என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்களிடம்கூட எவ்வளவு அளந்தேன்!

சனிக்கிழமை காலை, ஆய்வேட்டுக்காக அதே பதிவை மறுபடி கேட்டேன். மெல்லிய நூலைப் பற்றிச் சொல்லும்போது, ‘ஃபினோ’ என்ற சொல்லை அவள் ‘ஃபிஸ்னோ’ என்கிறாள். இல்லாத இடத்தில் ஒரு ‘ஸ்’. முதல் தடவை, வாய் தவறியது என்று ஒதுக்கியிருந்தேன். தேடினால் இன்னும் நான்கு இடம்.

உங்கள் தம்பிக்கு ‘ழ’ வராது அல்லவா? நம் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்ததும் சுத்தமாகப் பேசப் போய், ‘எல்லோரும்’ என்பதை ‘எழ்ழோரும்’ என்றாரே, சாப்பாட்டுக் கூடம் வரை சிரித்தார்களே! ‘ழ’ தானாக வருகிறவர் அப்படிச் செய்யமாட்டார். வராதவர்தான் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ட இடத்தில் போடுவார். இந்த அம்மாவும் அதிகாரி முன்னால் மரியாதையாகப் பேசத்தான் பாடுபட்டிருக்கிறாள். அவள் கடற்கரைக்காரியேதான். என் அறிக்கையை நம்பி அவளை ஆறு வாரமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். இன்று திருப்பி அனுப்ப உத்தரவு போடப்போகிறார்கள்.

உடனே பேராசிரியரிடம் ஓடினேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். இருபது வருடமாக இந்த அலுவலகம் தன் கையெழுத்தை நம்புகிறது, ஒன்று பொய்த்தால் மற்றதையெல்லாம் தோண்டுவார்கள் என்றார். ‘அஞ்சு சொல்லை வெச்சுக்கிட்டு ஆடாதேம்மா. முதல்ல பட்டத்தை வாங்குற வழியைப் பாரு’ என்றார். கத்தவே இல்லை. தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. நான் இரண்டாவது முறையும் தப்பாகக் கேட்டிருக்கலாம் என்றும் சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஞாயிறு முழுக்க அந்த ஐந்து இடங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நேற்றுக் காலை, அந்த அம்மாவின் வக்கீலுக்கு நானே போன் செய்தேன்.

கூப்பிடுகிறார்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

மாலை ஐந்து மணி

சொல்லிவிட்டேன். அன்று தப்பாகச் சொன்ன நீ இன்று சரியாகச் சொல்கிறாய் என்று எப்படி நம்புவது என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்னை நம்ப வேண்டாம், நீங்களே கேளுங்கள் என்று சொல்லி ஐந்து இடங்களையும் போட்டுக் காட்டினேன். பேராசிரியர் எதிர் நாற்காலியில்தான் இருந்தார். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேறு பல்கலைக்கழகத்து ஆட்கள் இரண்டு பேர் புதிதாகக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அதுவரை அவள் வக்கீல் பொறுப்பில் வெளியே இருக்கலாம்.

நடைவழியில் அவள் நேரே என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. ‘ஒழுங்கா பேசினா மதிப்பாங்கன்னு நினைச்சேன். அதுக்கா என்னை ஆறு வாரம் அடைச்சு வெச்சீங்க?’ என்று அவள் மொழியிலேயே கேட்டாள். இந்த முறை ஒரு ‘ஸ்’கூட வரவில்லை. மூன்று வருடம் படித்த மொழியில் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

துறைக்குத் திரும்பியதும், ஒலிப்பதிவு அறைச் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார் எழுத்தர். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. பாவம், என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை பத்தேகால் ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். சின்னவளை உங்கள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இந்தத் தடவை புத்தகம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறேன். மூன்று பெட்டி. ஏன் இத்தனை என்று அங்கே நின்று கேட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னவளுக்கு என் முத்தம்.

உங்கள்
வாயாடி