சாம்பார் தெறிக்கும் கல்லூரி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று மதுரையில் ஒரு கல்லூரிச் சாப்பாட்டு அறையில், காது கேளாத ஆசிரியை ஒருவரின் வெள்ளைப் புடவையில் சாம்பாரைத் தெறிக்கவிட்டேன். சோற்றுக் கையாலேயே சைகை பேசினால் வேறென்ன ஆகும்? இன்று காலையிலும் விரலில் பெருங்காய வாசம். உடனே உன் நினைப்பு. நீயும் அப்படித்தான் பேசுவாய். என் புடவைகளே சாட்சி.

கொடைக்கானலில் எதிரெதிர்க் கடை நமக்கு. உனக்கு ஸ்வெட்டர், எனக்குச் சாக்லேட். உனக்குக் காது கேட்காது, எனக்கு வாய் ஓயாது. சுற்றுலா வந்தவர்களின் தொப்பையையும் தொப்பியையும் அவர்கள் தலைக்கு மேலாகவே கையால் அலசுவோம். மேகம் இறங்கினால் மட்டும் பேச்சு அறுந்துபோகும். மீதி வம்பைக் கேட்க நான் ரோட்டைக் கடந்து ஓடி வருவேன். "வந்துட்டியா? பாதியில விட்டா ஒனக்குச் சோறு எறங்காதே" என்று கைகாட்டிச் சிரிப்பாய்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் கை ஓடவில்லை. டாக்டர் உன்னைப் பார்க்காமல் என்னையே பார்த்து, ஆபரேஷன் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அடுக்கினார். "அவங்ககிட்ட சொல்லுங்கம்மா." ஊர் வம்பெல்லாம் சொன்ன எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. நீ தலையாட்டினாய். புரிந்து ஆட்டினாயா, எனக்காக ஆட்டினாயா? கேட்பதற்குள் போய்விட்டாய்.

அதனால்தான் சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்புக்குக் கிளம்பினேன். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல காலேஜாக்கும்!" என்றார் வீட்டுக்காரர். கோவையில் ஒன்று, கண்ணாடிக் கட்டடம். மதுரையில் ஒன்று, மாடியில் நாலே அறை. இரண்டுக்கும் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் போனேன். "சோலி இருந்தாத்தான் எங்கிட்ட கைய அசைக்கிறாங்க. சும்மா பேச நீ ஒருத்திதான்" என்பாயே, அதுதான் என் அளவுகோல். கோவையில் மணி அடித்ததும் கைகளெல்லாம் போனுக்குப் போய்விட்டன. மதுரையில் சோறு ஆற ஆற எல்லோரும் கையாலேயே வம்பளந்தார்கள். சுவரெல்லாம் சாம்பார்ப் பொட்டு. அங்கேயே சேர்ந்துவிட்டேன். தேறிவிடுவேன். அடுத்த ஆஸ்பத்திரியில் எந்தத் தலையும் எனக்காக ஆடாது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஆசிரியையிடம் உன்னைப் பற்றி, நம் கடைகளைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி எல்லாம் நம் சைகையில் கொட்டினேன். பக்கத்திலிருந்த மாணவி மெல்லச் சொன்னாள்: "அக்கா, இது எந்த ஊரு சைகைன்னு மேடம் கேக்குறாங்க."

பள்ளிக்கூடமே பார்க்காத நீயும், உன்னைத் தவிர யாரிடமும் கற்காத நானும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கட்டிய மொழி. இனி அது என் இரண்டு கைகளில் மட்டும்தான் இருக்கிறது. நான் சொன்னதில் அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது சாம்பார் மட்டுமே.