கேக் டப்பாவில் ஒரு ஹார்டு டிஸ்க்

மச்சான்,

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. காலையில் டப்பாவைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதுமே கிராம்பும் உலர்திராட்சையும் கலந்த அந்தக் கிறிஸ்துமஸ் கேக் வாசனை. கேக்கைத் தின்று தீர்த்து எத்தனையோ வருடம் ஆகிறது, வாசனை மட்டும் தகரத்தை விட்டுப் போகவில்லை. உள்ளே, ஷூ டப்பாக்களிலிருந்து நீ பொறுக்கிச் சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். நடுவில், ஜெசிந்தாவின் பழைய துப்பட்டாத் துண்டில் சுற்றிய என் ஹார்டு டிஸ்க். மூடியின் மேல் மார்க்கரில் உன் கோணல் கையெழுத்து: "பருத்திப்பட்டு பண்ணையார் சொத்து. தொட்டால் ஷாக் அடிக்கும்."

நாங்கள் எந்தக் காலத்திலும் பண்ணையார் இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருந்து, அதையும் மனை போட விற்றுவிட்ட குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாய். அதன்பிறகு பதினான்கு வருடம் எனக்கு அதுதான் பெயர்.

நம் வேலைக்கு விசிட்டிங் கார்டில் நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். செய்தது என்னவோ நானூறு பேருடைய கம்ப்யூட்டரும் சர்வரும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டது. நின்றால் திட்டு விழும். ஓடினால் நாம் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. "நம்ம பொழப்பு செப்டிக் டேங்க் லாரி மாதிரி மாமே. நாறுனாதான் போன் வரும்" என்பாய். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறீர்களே, காரணம் என்ன என்று கேட்டாள். "நடுரோட்ல பஸ்ஸு நின்னா ஏன் நின்னுச்சுன்னா கேப்ப? எல்லாரும் எறங்குவோம், தள்ளுவோம், ஏறிக்குவோம். அத்தோட விட்டுடும்மா" என்றாய். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நின்றுகொண்டே பேசினால் மீட்டிங் சீக்கிரம் முடியும் என்று ஒரு மேனேஜர் வந்தார், நினைவிருக்கிறதா? முக்கால் மணி நேரம் நின்றோம். மறுநாள் நீ வீட்டிலிருந்து மூட்டுவலித் தைலம் கொண்டுவந்து எல்லோர் மேசையிலும் வைத்தாய். ஏஐ வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்று ஊரே நடுங்கியபோதும் உனக்குக் கவலை இல்லை. "மூணாவது மாடி பிரிண்டர்ல சிக்குன பேப்பர அது வந்து எடுக்கட்டும். அன்னிக்கே நான் பேப்பர் போட்டுட்டு ஊட்டுக்குப் போறேன்."

நீ கிண்டல் செய்யாத விஷயம் ஒன்றுதான். பேக்கப்.

ஏரி நிரம்பி வந்த வருடம் குமணன்சாவடியில் உன் தெருவில் இடுப்பளவு தண்ணீர். உன் கம்ப்யூட்டர் சேற்றில் கிடந்தது. உன் அம்மா இருந்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவை. படங்களைக் கிளவுடில் போட்டு வைக்கலாமே என்றேன். "மேகத்த நம்பி நான் பட்டது பத்தாதா?" என்றாய். பிறகு நீயே ஒரு ஏற்பாடு சொன்னாய். உன் டிஸ்க் என் வீட்டில், என் டிஸ்க் உன் வீட்டில். "உங்க ஊர்லயும் ஏரி கீது, எங்க பக்கமும் கீது. ஆனா ரெண்டும் ஒரே நாள்ல ரொம்பாது." வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு, அவரவர் டிஸ்க்கை வாங்கி, புதிய படங்களைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மற்றபடி மாதத்தின் முதல் ஞாயிறு அவரவரிடம் இருக்கும் டிஸ்க்கைத் திறந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன் செய்ய வேண்டும். "தொறந்து பாக்காத பேக்கப்பு இன்னா பேக்கப்பு? அது வெறும் நம்பிக்கை. நம்பிக்கைக்கு நான் சர்ச்சுக்குப் போறேன் மாமே. டிஸ்க்க தொறந்து பாரு."

லேப்டாப்புக்குப் பூட்டுமேல் பூட்டுப் போட்டவன் நீ. அதன் பாஸ்வேர்டு உன் மனைவி ஜெசிந்தாவுக்குக்கூடத் தெரியாது. என் வீட்டில் இருந்த டிஸ்க்குக்கு மட்டும் பூட்டே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உங்கிட்ட எதுக்கு?" என்றாய்.

முதல் வருடங்களில் ஒழுங்காகப் பார்த்தேன். உன் மகள் தொட்டிலில் கிடக்க, நீ பாடும் அந்த வீடியோவைத்தான் எப்போதும் திறப்பேன். சுருதி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். உடனே போன் போட்டு, "கழுதை நல்லா பாடுது மச்சான்" என்பேன். அந்தப் பக்கம் நீ சிரிப்பாய்.

போன ஜூலையில், இரண்டு மாதத்துக்குள் ஏஐ பரீட்சை எழுதித் தேறாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் மெயில் வந்தது. நீ ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட்டு, "பாஸ் மார்க் போட்டதே அந்த மெஷினுதான். அதுக்கு என்னப் பாத்தா பயம்" என்று சிரித்தாய். எனக்கு வேலை போய்விடும் என்றே தோன்றியது. வீட்டில் பழகிப் பார்க்க என் லேப்டாப்பில் இடம் இல்லை. பீரோவைத் திறந்தேன். உன் டிஸ்க் இருந்தது. அசல் உன் லேப்டாப்பில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மொத்தத்தையும் அழித்துவிட்டு என் பாடங்களை ஏற்றினேன். ஆவடிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவர அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரச் சோம்பல்தான் மச்சான், வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் கேட்டாய், "என்னுது ஓகேவா?" "ஓகே மச்சான்" என்றேன். செப்டம்பரிலும் சொன்னேன். அக்டோபரிலும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ போட உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. ஒரு கால் ஷூவோடுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நாற்பத்து மூன்று வயது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து கிளம்பும்போது ஜெசிந்தா இந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களோடது அண்ணா. உங்ககிட்டயே இருக்கட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரோட லேப்டாப் தொறக்கவே மாட்டேங்குது. போன்ல இந்த வருஷத்து போட்டோதான் இருக்கு. உங்க ஊட்ல இருக்குற டிஸ்க்க கொண்டாறீங்களா? அப்பா பாடுனத போடுன்னு பாப்பா தெனமும் கேக்குது" என்றாள்.

"டிஸ்க் கொஞ்சம் மக்கர் பண்ணுதும்மா. சரி பண்ணிக் கொண்டாறேன்" என்றேன். அப்படித்தான் சொன்னேன் மச்சான். உன் படத்துக்கு மாலை போட்டிருந்த சுவரின் கீழே நின்றுகொண்டு சொன்னேன்.

அழிந்ததை மீட்க எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். மேலே புதிதாக எழுதிவிட்டால் கீழே இருந்தது வராது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான்தான். இருந்தும் வாரக்கணக்கில் ஓடவிட்டேன். கிடைத்தது ஒரே ஒரு படம், அதுவும் பாதி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு குட்டிக் காலும் அதைப் பிடித்திருக்கும் உன் கையும் தெரிகின்றன. அதற்கு மேலே வெறும் சாம்பல் நிறம். வீடியோ ஒரு நொடிகூட வரவில்லை. ஜெசிந்தா போன் செய்யும்போதெல்லாம் "பாத்துக்கினே இருக்கேம்மா" என்று இழுத்தடித்தேன்.

பொங்கல் கழிந்து என்னையும் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பரீட்சையில் தேறியிருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருப்பாய். பழைய ரெசியூமைத் தேடித்தான் இந்த டப்பாவை முதல்முறையாகத் திறந்தேன். டிஸ்க்கில் நான் வைக்காத ஒரு ஃபைல் இருந்தது. "செக்" என்று பெயர். போன வருடம் ஒவ்வொரு முதல் ஞாயிறும் அதில் நீ ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்.

"பிப்ரவரி. ஓகே. கல்யாண ஆல்பம் தொறந்துச்சு. மாப்ள மூஞ்சில பயம். பொண்ணு மூஞ்சில அதவிட பயம்."

"ஏப்ரல். ஓகே. முக்கியம்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள ரொம்ப முக்கியம்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நீயெல்லாம் ஒரு சிஸ்டம் ஆளு."

"ஜூன். ஓகே. உன் ரெசியூம் படிச்சேன். இவ்ளோ பெரிய ஆளு கூடவா நான் தெனம் டீ குடிக்கிறேன்?"

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். கடைசிக் குறிப்புக்கு வந்தேன்.

"அக்டோபர். உன்னுது ஓகே. என்னுது இல்லன்னு நெனைக்கிறேன். முன்னல்லாம் தொறந்து பாத்தா கழுதை பாடுதுன்னு சொல்லுவ. மூணு மாசமா வெறும் ஓகே மச்சான். கீழ போட்டியா, அழிச்சியா? பரவால்ல மாமே, ஒரிஜினல் எங்கிட்ட கீது. கிறிஸ்மஸ்க்கு புதுசா போட்டுக்கலாம். நானா கேக்க மாட்டேன். நீயா சொல்லு."

போன ஞாயிறு குமணன்சாவடிக்குப் போனேன். ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பாதிப் படத்தையும் கொடுத்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாதிப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அவருக்குத் தெரியுமாண்ணா?" என்று கேட்டாள். லேப்டாப்பைத் திருப்பி உன் கடைசிக் குறிப்பைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். இந்த ஃபைலையாவது இங்கே ஒரு பிரதி வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"வாணாண்ணா" என்றாள். "அவரு உங்களுக்கு எழுதினது. அவர்கிட்ட சொல்லச் சொல்லிதான எழுதியிருக்காரு. எங்கிட்ட வந்து சொல்றீங்க."

பாப்பா உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, டிஸ்க் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஜெசிந்தாதான் அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

இனி எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த டப்பாவும் முதல் ஞாயிறுகளும்தான். இன்று காலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என்னுடையது எதுவும் கெடவில்லை. அவ்வளவு நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறாய். பிறகு உன் ஃபைலைத் திறந்து, கடைசிக் குறிப்புக்குக் கீழே நானும் எழுதினேன்.

"பிப்ரவரி. நாந்தான் அழிச்சேன் மச்சான். ஜூலைல. நீ கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன்."

சேமித்தேன். மூடி, துப்பட்டாவில் சுற்றி, டப்பாவில் வைத்துவிட்டேன். அதைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.