சீரகம் அறிந்த வலி

இராஜபாளையம்,
காலை 10.05

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு முறை சூட்டு வலிக்கே பதறி ஆள் அனுப்பி அழைத்து, நீங்கள் வேலை பார்க்கும் செண்பகத்தோப்பு வனத்துறைச் செக்போஸ்டில் உங்களைக் கேலிக்கு ஆளாக்கினேன். இந்த முறை சோதித்துவிட்டுத்தான் கூப்பிடுவேன்.

"சீரகத்த வறுத்துக் கொதிக்கவச்சுக் குடி, ஏட்டி. வலி அடங்குனா சூடு, கூடுனா பிள்ள வருது. அம்புட்டுத்தான்!" என்றார் பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி அக்கா. இப்போதுதான் குடித்தேன்.

எது பொய் வலி என்று சீரகத்துக்கு எப்படித் தெரியும்? கர்த்தர் அதற்குள் என்ன வைத்திருக்கிறார்? ஜெபித்துக்கொண்டே யோசிக்கிறேன்.

10.20. அடங்கவில்லை.

10.35. கூடிவிட்டது. அக்கா ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். உங்கள் செக்போஸ்டில் போன் சிக்னல் கிடைக்காது. அக்கா வீட்டு அய்யூப் அண்ணன் இந்தக் கடிதத்தை பைக்கில் கொண்டுவருவார். நேரே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

இப்படிக்கு,
இந்த முறை பொய் சொல்லாத மனைவி