பதினான்காம் எண் முயலும் நீ சொன்ன வார்த்தையும்

என் சபுரா அக்காவுக்கு,

நேற்று நீ இறந்த நாற்பதாம் நாள், உனக்காகப் பாத்திஹா ஓதினோம். நெய்ச்சோறு ஆக்கினோம். மட்டாஞ்சேரியில் நமக்குத் தெரிந்த எல்லாரும் வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து மச்சானும் வந்தார், உன் கணவர் என்ற உரிமையோடு, இரண்டாம் மனைவி பெற்ற பையன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "பாவம், நல்லவதான். ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பொய்யை மட்டும் விடலை." எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். அடுத்தவர் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டுத்தானே அக்கா நான் இத்தனை வருடம் பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறேன்.

பாத்திஹா வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாதோ? இரவெல்லாம் அதையே நினைத்துவிட்டு, காலையில் எழுத உட்கார்ந்தேன். நீ அப்போதே எழுதச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

கேரளம் என்ற மாநிலம் பிறந்த புதிது. உனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. மச்சானுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் உனக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. நீ சொன்னதைப் பாலக்காட்டில் யாரும் நம்பவில்லை. கொச்சிக்கு என்னிடம் வந்தாய். எர்ணாகுளத்தில் லேடி டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, முயல் பரிசோதனை செய்து வாருங்கள் என்று ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

அப்போது அதுதான் முறை. பெண்ணின் சிறுநீரை ஒரு பெண் முயலின் காது நரம்பில் ஏற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து முயலின் வயிற்றைத் திறந்து சினைப்பையைப் பார்ப்பார்கள். அதில் ரத்தப் புள்ளிகள் இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். பல இடங்களில் முயலைக் கொன்றுவிடுவார்கள். இந்தக் கூடத்துக்காரர் மட்டும், "எங்க முயல் சாகாது சாரே. தெறந்து பார்த்து, தைச்சு, வளர்ப்போம்" என்றார். உனக்கு அது பிடித்துப்போனது.

இரண்டு நாள் கழித்துப் போனோம். சீட்டில் உன் பெயர், அதன் கீழ் 'முயல் எண் 14, வயிறு திறந்து பார்க்கப்பட்டது, கர்ப்பம் இல்லை' என்று இருந்தது. நீ அதை இரண்டு முறை படித்தாய். பிறகு, எனக்காக வயிறு கிழிபட்ட அந்த முயலை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டாய். கூண்டுகளில் இடமில்லாத இடம் அது. மறுக்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். காதின் உட்புறம் பச்சை மையில் 14 என்று குத்தியிருந்தது. தையல் அவிழாமல் பார்த்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. நாமும் மடியில் கிடந்த முயலைப் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த நிலையில் யாருக்குத் தோன்றும்?

திரும்பும் படகில் நீ சொன்னாய், "என் உடம்பு எனக்குத் தெரியாதாடா?"

நான் சொன்னது இது: "எழுத்துல போட்டிருக்கான் அக்கா. சும்மா எழுதுவானா?"

எழுத்தில் இருந்தால் உண்மை என்பது என் தொழிலில் நான் கற்ற கெட்ட பழக்கம். லேடி டாக்டரும் சீட்டைத்தான் நம்பினார். மாதவிலக்கு வருவதற்கு ஊசி போட்டார். பத்தாம் நாள் உனக்கு வந்த ரத்தமும் வலியும் மாதவிலக்கு அல்ல, கரு கலைந்தது என்று நீ எத்தனை முறை சொன்னாய். மச்சான் வீட்டில் சீட்டை எடுத்து நீட்டினார்கள். இரண்டாம் கல்யாணத்தைத் தடுக்க நாடகம் போடுகிறாள் என்றார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது. நீ ஒரு டிரங்குப் பெட்டியோடும் ராணி என்று பெயர் வைத்த முயலோடும் என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

ராணி நாளாக நாளாக முரடானது. என் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி மூத்திரம் பீச்சும். வாசலுக்கு வந்த தபால்காரரைக் கடித்தது. நம் தெருமுனையில் இருந்த மிருக டாக்டர் வறீது பார்த்துவிட்டு, பெண் முயல்களுக்குப் பருவம் வந்தால் இப்படித்தான், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சாந்தமாகும் என்றார். முயலுக்கு அப்படி ஓர் ஆபரேஷன் உண்டு என்றே நமக்குத் தெரியாது. "நாய்க்குச் செய்திருக்கேன், ஆட்டுக்குச் செய்திருக்கேன். இவளுக்கும் செய்யலாம்" என்றார். ஏற்கனவே ஒருமுறை தைத்த வயிறு டாக்டர், பார்த்துச் செய்யுங்கள் என்று நீ சொன்னாய்.

ஈதர் வைத்து மயக்கி, மேசையில் மல்லாத்தி, வயிற்று ரோமத்தை மழித்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார்.

"தைச்சதுன்னு சொன்னது எவிடே?"

நீ நடுவயிற்றைக் காட்டினாய். அங்கே ஒரு கோடு கூட இல்லை. சில தழும்பு மங்கிப்போகும், உள்ளே அடையாளம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கத்தி வைத்தார். உள்ளேயும் இல்லை. முன்பு திறந்த வயிறு என்றால் சவ்வுகள் எங்காவது ஒட்டியிருக்குமாம். எல்லாம் பிறந்தபடியே வழுவழுப்பாக இருந்தன. அவர் கர்ப்பப்பையைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு விரலால் எதையோ பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"எடோ காதர், உங்க ராணி ராஜாவாக்கும். விதை ரெண்டும் கீழே எறங்காம வயித்துக்குள்ளயே நின்னுபோச்சு. அதான் வெளியே தெரியலை."

நானும் சிரித்தேன். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை. முயலின் தலையைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் கேட்டாய்.

"டாக்டர், ஆண் முயலுக்குச் சினைப்பை உண்டா?"

"இல்லை மோளே."

"அப்ப அவங்க எதைப் பார்த்து இல்லைன்னு எழுதினாங்க?"

வறீது டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. மீதி வேலையை முடித்துத் தைத்தார். கை கழுவிவிட்டு, கேட்காமலே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'காதில் எண் 14. ஆண். இதற்கு முன் வயிறு திறந்த அடையாளம் இல்லை.' கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே கூடத்துக்குப் போனேன். முயல் மாறியிருக்கும் என்றார் கூடத்துக்காரர். காது எண்ணைச் சொன்னேன். எண் மாறியிருக்கும் என்றார். எங்களிடம் எதுவும் மாறாது என்று காட்டவோ என்னவோ, அவரே பதிவேட்டையும் எடுத்துப் போட்டார். பதினான்காம் எண்ணுக்கு நேராக உன்னையும் சேர்த்துப் பதினோரு பெண்களின் பெயர். பதினொன்றிலும் 'வயிறு திறந்து பார்க்கப்பட்டது'. சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. பதினோரு முறை திறந்த வயிற்றில் ஒரு கீறல் கூட இல்லையே, எதை வைத்து எழுதினீர்கள், வந்தவர்களின் முகத்தைப் பார்த்தா என்று கேட்டேன். பதிவேட்டை மூடினார். "நிங்க பத்திரிகைக்காரர், இது சயன்ஸ்" என்றார்.

எழுதினேன் அக்கா. இரண்டு பத்தி, பெயர் இல்லாமல், சீட்டு, டாக்டரின் தாள், பதிவேடு மூன்றையும் வைத்து. அப்போதைய எங்கள் ஆசிரியர் படித்துவிட்டு, "குடும்பப் பெண்கள் படிக்கிற பத்திரிகை. முயல் வரலாம், சினைப்பை வரக் கூடாது" என்றார். வந்தது நான்கு வரி. 'விந்தை உலகம்' பகுதியில், 'கொச்சியில் ராணி ராஜாவானது' என்ற தலைப்பில். ஊரே படித்துச் சிரித்தது. கூடத்துக்காரரும் படித்திருப்பார். அவர் கதவு ஒருநாள் கூடச் சாத்தவில்லை.

நீ அந்த நான்கு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாய். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாய். "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று கேட்டாய். பிறகு, "என் பேரைப் போட்டே எழுது. எனக்கு வெக்கம் இல்லை. பொய் சொன்னவங்களுக்கு வேணும்னா இருக்கட்டும்" என்றாய். நான் எழுதவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். குடும்ப மானம் என்று உன்னிடம் சொன்னேன்.

உனக்கு ஒரு செய்தி. இப்போது முயலே வேண்டாமாம். கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதே கூடத்தில், அதே ஆள். புதிய பெயர்ப்பலகை வைத்திருக்கிறார். 'என்றும் நம்பிக்கைக்கு உரியது' என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த மற்றப் பத்துப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேரைப் பொய்க்காரி என்று சொன்னார்கள்? அந்தப் பதிவேட்டின் எண்களைக் குறித்துக்கொண்டு வந்தவன், பெயர்களைக் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

ராணி அதன்பிறகு ஆறு வருடம் சாதுவாக வாழ்ந்தது. ஆண் என்று தெரிந்த பின்பும் பெயரை மாற்ற நீ சம்மதிக்கவில்லை. "அவன் என்ன பொய்யா சொன்னான்? எழுதினவங்கதானே சொன்னாங்க" என்றாய்.

எங்கே இருக்கிறேன் என்று கேட்டாயே, இந்தக் கடிதத்தின் முதல் வரியில் இருக்கிறாய், உன் பெயரோடு. இது அச்சாகி வந்ததும், அந்தச் சீட்டையும் டாக்டரின் தாளையும் எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போவேன். மச்சான் முழுவதையும் படிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பேன். சாயா கொடுத்தால் குடிக்க மாட்டேன். "சபுரா பொய் சொல்லலை" என்று அவர் வாயால், அந்த வீட்டில், சத்தமாகச் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

சீட்டை நம்பி உன்னை நம்பாமல் போன
உன் தம்பி,
காதர்