அழியாத தகடும் கும்பகரும்

4 ஜூலை '88, திங்கள்

சாரல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

முதலாளி (இனிமேல் மு., கை வலிக்கிறது) போன வாரம் மெட்ராஸ் ஆபீஸைப் பூட்டிவிட்டுக் கம்ப்யூட்டரும் கையுமாகச் சீசனுக்கு வந்து இறங்கிவிட்டார். லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் மிஷின். அம்மா: "லாட்ஜுக்கு வேலைக்குப் போறேன்னு யார்ட்டயும் சொல்லாதட்டி. ஆபீஸுன்னு சொல்லு."

பாங்குக் கணக்குகளை அழியாமல் வைக்க நாங்கள் விற்கும் மிஷினைப் பார்க்க, வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பாங்கு அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைக்கலாம்.

இருப்பது ஒரே ஒரு லேசர் தகடு. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எழுதினால் எழுதியதுதான், அழியாது. ஒரு ஃபைலை அழி என்றால் என் புரோகிராம் செய்வது இவ்வளவே: அந்தப் பெயரை விட்டுவிட்டு, தகட்டில் வேறு இடத்தில் ஃபைல்களின் புதுப் பட்டியல் எழுதும். பிறகு அந்தக் கடைசிப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று சாதிக்கும். பச்சைப் பொய். எழுதியவள் நான்.

5, செவ்வாய்

கொஞ்சம் வெயில், மறுபடி சாரல். சோதித்துப் பார்க்க ஏதாவது ஃபைல் வேண்டும். என்ன எழுத? மு. எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, பரோட்டா சால்னா ஒரு கட்டு கட்டிவிட்டுக் கூடத்து நாற்காலியிலேயே குறட்டை. அதையே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: கும்பகர்ணன் குளித்தார். தின்றார். தூங்குகிறார். அருவிச் சத்தம் கேட்கவில்லை.

ஃபைல் பெயருக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துத்தான் இடம். 'கும்பகர்' என்று நின்றுவிட்டது. தனியாகச் சிரித்தேன்.

6, புதன்

சனியன் பிடித்த கிரைண்டர். சமையல் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டதும் வோல்டேஜ் படுத்து மிஷின் அணைகிறது. பட்டியல் பாதி எழுதும்போது அணைந்தால், முந்தின பட்டியலைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இன்றும் புரோகிராம் அதைப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்து அரைங்களேன்."

"நீ பொறுத்து எழுதும்மா. தோசைக்கு ஆளுவ வந்து நிக்காவ."

அழுகை வந்துவிட்டது. பதறிப்போய் ரசவடை கொடுத்தார். நன்றாக இருந்தது.

7, வியாழன்

பஸ்ஸில் பிழை பிடிபட்டது! போனதும் திருத்தினேன். சோதிக்க நேரமில்லை.

வாங்க: குடைக்கம்பி, அம்மாவுக்குச் சுக்கு.

நாளை: கும்பகரை எடுத்துவிட வேண்டும். மறக்கக் கூடாது.

8, வெள்ளி

மறந்துவிட்டேன். அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம். அவசரமாக அழி என்று தட்டினேன். பட்டியல் பாதி எழுதும்போதே கிரைண்டர். திரை இருட்டு.

மு.: "எல்லாம் போச்சா?"

கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு மிஷினை மறுபடி போட்டேன். பாதிப் பட்டியலைத் தள்ளிவிட்டு முந்தினதைக் கச்சிதமாகப் பிடித்தது என் புரோகிராம். முதல் தடவையாக! எல்லா ஃபைலும் வரிசையாக வந்தன. கும்பகரும்.

அதிகாரி: "கரண்டு போயும் ஒண்ணும் போகலையே! அது யாரு கும்பகர்? திறங்க பார்ப்போம்."

திறந்தேன், வேறு வழி? சத்தமாக வாசித்தார். மு. வேட்டியை இறுக்கிக் கட்டினார், அவிழாமலே. அதிகாரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. ஆர்டர் கொடுத்துவிட்டார். மேலிடத்தில் காட்டவேண்டுமென்று தகட்டையும் மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மு.: "அத அழிச்சிட்டுத்தானே குடுத்தே?"

"அழியாது சார். அதைச் சொல்லித்தானே விக்கோம்."

மு. துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "திங்கக்கெழமேலருந்து நீ பெர்மனன்ட். உன்னய வெளிய விட்டா ஊரெல்லாம் சொல்லுவே."

வீட்டுக்கு ஓடி வந்து, வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்றேன்.

அம்மா: "எங்கன? லாட்ஜுலயா?"